சலான் அண்ணாச்சிக்கு வந்த ரீஃபண்ட்

வருமான வரி என்பது இந்த நாட்டில் ஒரே ஒரு மனிதருக்காகத்தான் கொண்டுவரப்பட்டது என்பது என் தீர்மானமான முடிவு. மற்ற எல்லோரும் தெரியாமல் அதில் மாட்டிக்கொண்டவர்கள். அந்த ஒருவர் தொண்ணூறுகளில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டிலும் எங்கள் ஆபீஸ் ஃபைலிலும் மட்டுமே இருந்தது. மற்றபடி தெருவுக்கு அவர் சலான் அண்ணாச்சி.

எங்கள் ஆபீஸ் என்றால் ஓர் ஆடிட்டரின் ஆபீஸ். நான் அங்கே டைப்பிஸ்ட். பெயர்தான் டைப்பிஸ்ட். ரிட்டர்ன் பாரம் நிரப்புவது, பேங்குக்குப் போவது, ஆடிட்டர் இல்லாதபோது இல்லை என்று சொல்வது, இருக்கும்போதும் அதையே சொல்வது எல்லாம் என் பொறுப்பு. ஆபீஸ் மாடியில் இருந்தது. கீழே ஒரு டீக்கடை, அதை ஒட்டி அண்ணாச்சியின் பட்டறை. திசையன்விளை, நாங்குநேரி பக்கமிருந்து எரிந்துபோன பம்ப்செட் மோட்டார்கள் டெம்போவில் வந்து அந்த வாசலில் இறங்கும். அங்கெல்லாம் கிணற்றுப் பாசனம். தண்ணீர் கீழே போகப் போக, வோல்டேஜ் குறையக் குறைய, மோட்டார் எரியும். மோட்டார் எரிந்தால் அண்ணாச்சி வீட்டில் அடுப்பு எரியும்.

ஆடிட்டரிடம் வருகிற பார்ட்டிகள் எல்லோருக்கும் ஒரே வேண்டுதல்தான். குறைக்க வேண்டும். ஒரு ஜவுளிக்கடை முதலாளி கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டுதான் எங்கள் மாடிப்படி ஏறுவார். கூட்டச் சொல்லி வந்த ஒரே பார்ட்டி அண்ணாச்சி.

"எம்மா, எவ்வளவு வருது?" என்பார்.

"வரம்புக்குக் கீழதான் வருது அண்ணாச்சி. வரி கெடையாது."

"நல்லாப் பாரும்மா. வாடகைய எதுக்கு எழுதியிருக்கே?"

"அது செலவுல்லா?"

"அது நான் கட்டடக்காரருக்குக் குடுக்கது. அதுல கவர்மெண்டுக்கு என்ன சோலி? அத அடி."

வாடகையை அடிப்பேன். எட்டாது. கரண்ட் பில்லை அடிக்கச் சொல்வார். அப்போதும் எட்டாது. கடைசியில் வருகிறவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீச்செலவையும் அடித்தால்தான் வருமானம் மூச்சிரைத்துக்கொண்டு வரம்பைத் தாண்டி நிற்கும். சொற்பமாக ஒரு வரி விழும். அண்ணாச்சி முகம் அப்போதுதான் தெளியும். நேரே பேங்குக்குப் போய்க் கட்டி, ரப்பர் முத்திரை விழுந்த சலான் துண்டை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். வெளியே இருந்து பார்த்தால் முத்திரை தெரிகிற மாதிரி வைப்பார்.

இதெல்லாம் எதற்கென்றால், பேசுவதற்கு. அரசாங்கத்தைப் பற்றிப் பேச வரி கட்டியவனுக்கு மட்டுமே உரிமை உண்டு என்பது அவருடைய சட்டம். கீழே டீக்கடையில் அந்தச் சட்டம் கண்டிப்பாக அமலில் இருந்தது. அண்ணாச்சி காலையில் ஒரு டீயை வைத்துக்கொண்டு மத்திய சர்க்காரில் ஆரம்பித்தால் மாநகராட்சிச் சாக்கடைக்கு வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். குரல் மாடிக்குக் கேட்கும். வேறு யாராவது குறுக்கே வாயைத் திறந்தால் முதலில் கையை நீட்டுவார்.

சேரன்மகாதேவியில் இருபோகம் விளைகிற வயல்காரர் ஒருவர் வாரம் ஒருமுறை டவுனுக்கு வருவார். ஒருநாள் அவர் டீயைக் கையில் வாங்கியதும், "என்ன கவர்மெண்டுவே இது, ரோடு பூராக் குழி" என்று ஆரம்பித்துவிட்டார்.

"சலான் வச்சிருக்கீரா?" என்று அண்ணாச்சி கையை நீட்டினார்.

"எனக்கு வெள்ளாம வருமானம்வே. வெள்ளாமைக்கு ஏது இன்கம்டாக்ஸ்?"

"அப்பம் நீரு கவர்மெண்டப் பத்திப் பேசாதயும். மழையப் பத்திப் பேசும்."

வயல்காரர் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். மாதச் சம்பளக்காரர்கள் விஷயத்தில் அண்ணாச்சி கொஞ்சம் தாராளம். பள்ளிக்கூட வாத்தியார்களுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அது தானாகக் கொடுத்ததும் இல்லை, கொடுக்காததும் இல்லை. ஆகவே அவர்கள் கலெக்டர் வரைக்கும் திட்டலாம், அதற்கு மேலே போகக் கூடாது என்று வரையறுத்திருந்தார். வாத்தியார்களும் அதை மதித்து நடந்தார்கள்.

டீக்கடைக்காரர்தான் ஒருமுறை துணிந்து கேட்டார்.

"அண்ணாச்சி, நான் வாங்குத தீப்பெட்டிக்கு வரி இல்லியா? சீனிக்கு வரி இல்லியா? நானும் கட்டத்தான செய்யுதேன்?"

அண்ணாச்சி நிதானமாக யோசித்தார். "அது ஒம்மகிட்டக் கேக்காமப் புடுங்குதாங்க. நான் அவுங்க கேக்காமக் குடுக்கேன். ரெண்டும் ஒண்ணாவே?"

டீக்கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். அந்தக் கணக்கை நான் இன்றுவரை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

பட்ஜெட் நாள் அண்ணாச்சிக்கு ஆகவே ஆகாது. வரி வரம்பை உயர்த்திவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னால் ஊர் சந்தோஷப்படும். அண்ணாச்சி மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். "நான் எட்டிப் புடிக்கப் புடிக்க இன்னும் ரெண்டு படி மேல தூக்கி வைக்குதானுவளே" என்பார். வரம்பை உயர்த்தியதற்காக ஒரு நிதி மந்திரிக்குக் கண்டனக் கடிதம் எழுதி, என்னை டைப் அடிக்கச் சொல்லி, சலான் நம்பரையும் கீழே போட்டு அனுப்பியவர் அவர். பதில் வரவில்லை. மந்திரிக்கு இப்படி ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதிப் பழக்கம் இருந்திருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு வருஷம் நல்ல மழை பெய்துவிட்டது.

பாபநாசம் அணை நிரம்பியது. ஆற்றில் வெள்ளம் பார்க்கப் பாலத்தில் கூட்டம் நின்றது. மழையே பார்க்காத திசையன்விளைப் பக்கத்துக் கிணறுகளில்கூட வாளியால் மொள்ளுகிற உயரத்துக்குத் தண்ணீர் வந்தது. போதாததற்கு மின்வாரியம் புது டிரான்ஸ்பார்மர்களை வைத்து வோல்டேஜையும் சரிசெய்தது. மோட்டார்கள் எரிய மறுத்தன. அண்ணாச்சியின் பட்டறை வாசல் கூட்டிப் பெருக்கியது போல் காலியாகக் கிடந்தது.

அண்ணாச்சி மார்ச்சு மாதமே வழக்கம்போல அட்வான்ஸ் டாக்ஸ் கட்டிவிட்டிருந்தார். கணக்கு முடிகிற வரைக்கும் காத்திருக்க அவரால் முடியாது. ஜூலையில் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வருமானம் வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. வாடகையை அடித்தாயிற்று, கரண்டை அடித்தாயிற்று, டீயையும் அடித்தாயிற்று.

"செம்புக் கம்பிய அடி" என்றார்.

உள்ளே இருந்து ஆடிட்டரே எழுந்து வந்துவிட்டார். "அண்ணாச்சி, கம்பி வாங்காம எதை வச்சுக் காயில் கட்டுனீங்க?"

"கையால."

ஆடிட்டர் சிரிக்கவில்லை. "வருமானத்தக் குறைச்சுக் காட்டுனாலும் தப்பு, கூட்டிக் காட்டுனாலும் தப்பு. இத்தன வருஷம் வாடகை, டீன்னு நானும் பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். இந்த வருஷம் உள்ளத உள்ளபடி போடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னது முழுக்க முழுக்க சரி. நானும் உள்ளதை உள்ளபடி போட்டேன்.

மறுநாள் காலை டீக்கடையில் சத்தமே இல்லை. அண்ணாச்சி வந்தார், டீ குடித்தார், காசைக் கொடுத்தார், போய்விட்டார். சட்டைப் பையில் பழைய சலான் இல்லை. தன் சட்டத்துக்குத் தானே முதலில் கீழ்ப்படிந்தார். ஒரு வாரம் இப்படியே போனது. சேரன்மகாதேவி வயல்காரர் விஷயம் தெரிந்து வேண்டுமென்றே வந்து உட்கார்ந்து, பிரதமர் முதல் தலையாரி வரைக்கும் ஒரு பிடி பிடித்தார். முடித்துவிட்டு, "என்னவே, ஒண்ணும் சொல்லமாட்டேங்கீரு?" என்று கேட்டார்.

"மழ நல்லாப் பெஞ்சிருக்கு" என்றார் அண்ணாச்சி.

வயல்காரருக்கே அது பிடிக்கவில்லை. டீக்கடைக்காரர் மாடியேறி என்னிடம் வந்தார். "எம்மா, அவரு பேசுனா நிக்கவன் ரெண்டு டீ குடிப்பான். இப்பம் ஒண்ணோட போயிருதான். ஏதாவது செஞ்சு அந்த மனுசன வரி கட்ட வச்சிரேன்" என்றார். எனக்கும் டைப் அடிக்கும்போது கீழே இருந்து அந்தக் குரல் வராமல் கை ஓடவில்லை. ஐந்து மாதம் இப்படி நடந்தது.

டிசம்பரில் ரிஜிஸ்டர் தபால் ஒன்று வந்தது. மார்ச்சில் கட்டியதை வருமான வரி ஆபீஸ் ரீஃபண்ட் என்று வவுச்சர் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தது. தெருவில் அண்ணாச்சிக்கு லாட்டரி விழுந்துவிட்டதாகப் பேச்சு. அண்ணாச்சி அதைச் செத்த எலியைத் தூக்குவது போல நுனியில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார்.

"வாம்மா. திருப்பிக் குடுத்துட்டு வருவோம்."

இரண்டு பேரும் வரி ஆபீசுக்குப் போனோம். அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

"இது எனக்கு வேண்டாம் சார்" என்று வவுச்சரை மேசைமேல் வைத்தார் அண்ணாச்சி.

"கட்ட வேண்டியதுக்கு மேல கட்டியிருக்கீங்க. அதான் தந்திருக்கோம்."

"நான் கேட்டனா சார்?"

அதிகாரி ஃபைலை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினார். "கேட்டிருக்கீங்களே. இங்க பாருங்க, ரீஃபண்ட் கட்டத்துல தொகை போட்டிருக்கு. கீழ உங்க கையெழுத்து."

அந்தத் தொகையை டைப் அடித்தது நான். உள்ளதை உள்ளபடி போடும் வேகத்தில், எல்லாப் பார்ட்டிக்கும் செய்கிற மாதிரி அதையும் போட்டு, கையெழுத்து வாங்கியிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

"திரும்ப வாங்கிக்க எங்ககிட்ட வழி கிடையாதுங்க" என்றார் அதிகாரி, உண்மையான வருத்தத்தோடு. "நீங்க பேங்குல போடலைன்னா மூணு மாசத்துல செல்லாமப் போயிரும். அவ்வளவுதான்."

வெளியே வந்தால் தூறல். ஒரு கடை ஓரமாக ஒதுங்கினோம். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றேன்.

"நீ ஒண்ணும் தப்பாச் செய்யலம்மா. ஒனக்குத் தெரியாது" என்று பைய ஆரம்பித்தார். "எங்க ஊரு செம்மண் காடு. சின்னப்பிள்ளைல பஞ்சத்துக்குக் கஞ்சி ஊத்துவாங்க, சட்டியோட வரிசைல நிப்பேன். பள்ளிக்கூடத்துல சோறு, தட்டோட வரிசை. எலவச வேட்டி குடுத்தாங்க, அதுக்கொரு வரிசை. மொத மொத பேங்குல சலான் கட்டப் போயி நின்னேம்மா. முன்னால நின்னவரு டாக்டரு. பின்னால நின்னவரு கார்ல வந்தவரு. நடுவுல நான். அது குடுக்க வரிசை. இப்பம் மறுபடி வாங்குத வரிசைக்குப் போன்னு சொல்லுதாங்க."

அதுவரை அவரை நான் ஒரு வேடிக்கையாக மட்டுமே பார்த்திருந்தேன். வீட்டில் பகிர்ந்து சிரிக்க ஒரு கதையாக வைத்திருந்தேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. அந்த வருஷம் அவர் வீட்டுக்கு அந்தப் பணம் எவ்வளவு தேவை என்பது, கணக்கு எழுதிய எனக்குத் தெரியாமல் இல்லை.

"அண்ணாச்சி, நாளைக்கு டிசம்பர் பதினஞ்சு. இந்தத் தவணை அட்வான்ஸ் டாக்ஸ் கட்டக் கடைசி நாள்" என்றேன்.

"வருமானந்தான் இல்லியேம்மா."

"அது போன வருச வருமானம். இந்த வருசம் மார்ச்சு முடியதுக்குள்ள எத்தன மோட்டார் எரியும்னு ஆடிட்டருக்கே தெரியாது. நூறு ரூவாக்கு ஒரு சலான் போடுவோம்."

"நூறு போதுமா?"

"சலான்ல சின்னது பெரிசு கெடையாது அண்ணாச்சி. முத்திரை ஒண்ணுதான். இந்த வவுச்சர எங்கிட்டக் குடுங்க. பின்னால ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க. அந்த வரிசைல நான் நிக்கேன்."

வவுச்சரை எடுத்து, தூறல் படாமல் திருப்பிப் பிடித்தார். பிறகு பேனாவைக் கேட்டார்.

மறுநாள் பேங்கில் வரி கட்டுகிற வரிசை மாடிப்படி வரைக்கும் நின்றது. அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டு, நூறு ரூபாய்த் தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு அதில் நின்றார். நான் எதிர்ப் பக்கத்துக் கவுன்ட்டரில் அவர் பேருக்கு வந்த ரீஃபண்டை அவர் கணக்கில் போட நின்றேன். நடுவில் ஒருமுறை என்னை எட்டிப் பார்த்தார். பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஆபீசுக்கு நேரமாகியும் நான் போகவில்லை. தூண் ஓரமாக நின்றேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவருடைய முறை வந்தது. காசாளர் நோட்டை வாங்கினார், பாரத்தைப் பார்த்தார், முத்திரையைக் குத்தினார். அண்ணாச்சி சலான் துண்டை ஊதி ஈரம் காயவைத்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு, பின்னால் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெரியவரைப் பார்த்து, பேங்கு முழுக்கக் கேட்கிற மாதிரி வாயைத் திறந்தார்.

"ஏன்வே, ஜங்ஷன் ரோட்டுல மூணு மாசமாக் குழியத் தோண்டிப் போட்டுட்டு ஒருத்தனும் எட்டிப் பாக்கலியே, என்னவே கவர்மெண்டு நடத்துதானுவ?"

அரசாங்கத்தை ஒருவர் திட்டுவதைக் கேட்டு எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது அன்று ஒரு நாள்தான்.