ஆறு மீனும் ஒரு பறக்கும் கூடையும்

ஒரு காட்டில், பள்ளத்தாக்கைத் தாண்டும் பறக்கும் கூடைக்கு அன்று வந்திருந்தவர்கள்: விமானி கூழைக்கடா, துணை விமானி நாரை, பணிப்பெண் அணில், பயணிகளில் ஆமை ஒருவர், முயல் இருவர், எலி மூவர். ஆக ஒன்பது. விமானிகளின் சாப்பாட்டுக்கு மீன் ஆறு.

கிளம்புமுன் கூழைக்கடா மூன்று மீனை விழுங்கினார். மோந்து பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை. நாரை மிச்சத்தை எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் மதியத்திலிருந்து அவள் வயிற்றில் ஒன்றுமில்லை.

"தொடாதீங்க அக்கா," என்றாள் அணில். "ரெண்டு விமானியும் ஒரே சாப்பாடு சாப்பிடக் கூடாது. கெட்டுப்போயிருந்தா சேர்ந்து மயங்கிடுவீங்க. பாதுகாப்பு விதி."

"எனக்கு வேற என்ன இருக்கு?"

"முயலுக்கு வச்ச புல் இருக்கு."

"நான் நாரைடி."

"அப்ப ஒண்ணும் சாப்பிடலன்னு எழுதிக்கிறேன். அதுவும் வேற சாப்பாடுதானே?"

படிவத்தில் அப்படியே ஏறியது. நாரை கால்தடம் பதித்தாள். கூழைக்கடா கூடையைக் காலில் பற்றி எழும்பினார். நாரை பக்கத்திலேயே பறந்தாள்.

மீன் உள்ளே போன இருபதாவது நிமிடம், பள்ளத்தாக்கின் நடுவே, கூழைக்கடா கண் சொருகிக் கூடைக்குள் சரிந்தார். நாரை பாய்ந்து கைப்பிடியைப் பற்றினாள். விதி சொன்னபடியே அவள் மயங்கவில்லை. பட்டினியில் இறக்கைதான் ஓய்ந்துகொண்டே வந்தது. கூடை கீழே இறங்கியது. எலி மூவரும் அழுதார்கள்.

"மிச்ச மீனை அவளுக்குக் குடும்மா," என்றார் ஆமை.

"ஒரே சாப்பாடு ஆயிடுமே ஐயா."

"அவர் இப்ப விமானியா? படுத்துக்கிட்டு வர்றவர் பயணிதான்."

அணில் யோசித்தாள். கூழைக்கடா பெயருக்கு ஒரு சீட்டுக் கிழித்து அவர் அலகில் செருகினாள். பிறகு மீனை நீட்டினாள்.

நாரை மோந்து பார்த்தாள். சந்தேகமே இல்லை, கெட்ட மீன். அக்கரைக்கு இன்னும் பதினைந்து நிமிடம். மீன் வேலையைக் காட்ட இருபது நிமிடம். கணக்குப் போட்டு, ஒன்றே ஒன்றை விழுங்கினாள். இறக்கைக்கு உயிர் வந்தது.

பதினைந்தாவது நிமிடம் கூடை தரையைத் தொட்டது. எல்லோரும் இறங்கினார்கள். இருபதாவது நிமிடம் நாரை மயங்கி விழுந்தாள்.

மறுநாள் விமானிகள் இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். விசாரிக்க வந்த கரடி படிவத்தைப் புரட்டினார்.

"கிளம்பும்போது பயணிகள் ஆறு. இறங்கும்போது ஏழு. நடுவானத்துல ஏறினது யாருப்பா?"

சீட்டைக் காட்டினார்கள். குறை ஒன்றுமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

நீதி: கெட்டுப்போன மீனை விமானிகள் இருவருமே சாப்பிடலாம்; ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது.

திரும்பும் பயணத்துக்கு எடுத்து வைத்த மீன், இரண்டு.