நாயனக்காரரின் வாய் ஊறிய மாலை

நாதஸ்வரம் வாசிப்பவருக்கு முன்னால் புளி தின்னக் கூடாது என்பது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். பார்த்தால் அவருக்கு வாய் ஊறும். வாய் ஊறினால் நாதஸ்வரத்தின் வாயில் செருகும் சீவாளி நனையும். நனைந்த சீவாளியை வைத்துக்கொண்டு நாயனம் பேசாது. எனக்கும் தெரியும். ஆனால் புளி என்றால் மாங்காய், புளியங்காய் என்றுதான் என் மூளை எழுதி வைத்திருந்தது. பணிஸ் என்கிற இனிப்புப் பன் அந்த வரிசையில் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வட்டக்கச்சியில் அக்காவின் கணவர், என் அத்தான், ஒரு பேக்கரி நடத்திக்கொண்டிருந்தார். போர்க்காலத் தடையால் ஈஸ்ட் வராத காலம். கள்ளு விட்டுத்தான் மாவைப் பொங்க வைப்போம். சீனி வந்தால் அது செய்தி. நான் அங்கே தட்டுக் கழுவினேன். கழுவுகிற நேரம் போக, பாண் சுடும் போறணை அடுப்பின் வாயில் தெரிகிற தணலைப் பார்த்துக்கொண்டு கவிதை யோசித்தேன். (பாண் கருகியதற்குக் கவிதைதான் காரணம் என்பார் அத்தான். கவிதை கருகியதற்குப் பாண் காரணம் என்பேன் நான்.) அந்தப் போறணையில் என் எண்ணத்துக்கு ஒன்று சுட வேண்டும், ஒரே ஒரு முறையாவது. உலகத்தில் வேறு எதையும் அப்போது நான் கேட்கவில்லை.

கோயில் வீதியில் இசை விழா என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடை போடுகிறேன் என்று அத்தானைப் பிய்த்து எடுத்தேன்.

"சரி, போ," என்றார். "பெட்டி முழுக்க வித்துப்போட்டு வா. நாளையில இருந்து போறணை உன்ர பொறுப்பு. ஒண்டு மிஞ்சினாலும் தட்டுத்தான்."

அன்று விடிய எழும்பி என் கண்டுபிடிப்பைச் சுட்டேன். தேசிக்காய் என்கிற எலுமிச்சையின் சாற்றையும் பனங்கட்டியையும் காய்ச்சி, களியாக்கி, பணிஸுக்குள் வைத்து மூடினேன். பனங்கட்டி பாதியில் முடிந்துபோனது. தேசிக்காய் முடியவில்லை.

அக்கா குசினி வாசலில் நின்று கேட்டா, "பணிஸுக்குள்ள தேசிக்காயோ? ஊரில ஆருக்கடா மசக்கை?"

நான் காதில் வாங்கவில்லை. சைக்கிள் கரியரில் பெட்டியைக் கட்டி, இரணைமடுக் குளத்துப் பக்கமிருந்து வந்த காற்று முதுகைத் தள்ளத் தள்ளப் பறந்தேன். கோயில் தலைவரைக் கெஞ்சி, மேடைக்கு நேரெதிரே, முன்வரிசைக் கதிரைகளின் ஓரத்தில் என் கிடுகுக் கொட்டிலைப் போட்டேன். வெயில் சாய்ந்தது. பெற்றோல்மாக்ஸ் உயிர் பெற்றுச் சீறியது. வெள்ளை வேட்டிகள், மல்லிகைப்பூ, புழுதி, சூடான மாவின் வாசனை. எனக்கு நெஞ்சுக்குள் ஏற்கெனவே தவில் அடித்துக்கொண்டிருந்தது.

முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த நாயனக்காரர் ஆலாபனையைத் தொடங்கினார். நான் என் வியாபார மூளையைத் தொடங்கினேன்: முன்வரிசைப் பெரியவர்களுக்கு ஆளுக்கொரு பணிஸ் இலவசம். அவர்கள் தின்றால் ஊர் தின்னாதா?

தின்றார்கள். தலைவர் ஒரு கண்ணை மூடினார். பக்கத்தில் இருந்தவர் இரண்டையும் மூடினார். பள்ளிக்கூட அதிபர் உதட்டைக் குவித்து உறிஞ்சினார். வரிசை முழுக்கத் தலைகள் ஆடின. அட, என் பணிஸும் அவர் ராகமும் சேர்ந்து சபையை உருக்குகின்றன என்று நினைத்தேன். (இருபது வயது. மன்னிக்கலாம்.) ஆனந்தம் தாங்காமல் நானும் ஒன்றை எடுத்துக் கொட்டிலுக்கு வெளியே நின்று, விரலில் வழிந்த களியைச் சத்தம் வர நக்கினேன்.

ஆலாபனை திடீரென ஈரமானது. உச்சிக்குப் போன ஸ்வரம் நடுவழியில் "புஸ்" என்று உட்கார்ந்தது. நாயனக்காரர் துடைத்தார், வேறு சீவாளி மாட்டினார், ஊதினார், விழுங்கினார், மறுபடி துடைத்தார். அவருடைய கண் மட்டும் என் விரலை விட்டு அசையவில்லை. நிலைமை புரிந்த தவில்காரர் உருப்படியே தொடங்காத இடத்தில் தனி ஆவர்த்தனத்தை எடுத்துக்கொண்டு விளாசினார்.

நாயனக்காரர் மேடையை விட்டு இறங்கினார். நேராக என்னிடம் வந்தார். சபையே திரும்பிப் பார்த்தது.

"தம்பி, எந்த மேளச் செற்றுக்காரர் உம்மை அனுப்பினவை?"

"ஒருத்தரும் இல்லை ஐயா. அத்தான்தான் அனுப்பினவர்."

"அவர் என்ன வாசிக்கிறவர்?"

"பாண் போடுறவர்."

அப்போதுதான் அந்தப் பால்குடி மறந்த பிள்ளையின் அறிவு எனக்கு வந்து சேர்ந்தது. நக்கிய விரலை அவசரமாகத் துடைத்தேன்.

"ஒண்டு தாரும்," என்றார். "தின்னாட்டி இந்த வாய் அடங்காது." கடித்தார். முகம் காய்ந்த தேசிக்காய்போலச் சுருங்கி மெல்ல விரிந்தது. இன்னொன்றையும் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, "இப்ப இந்தக் கொட்டிலைத் தூக்கி என்ர முதுகுக்குப் பின்னால வையுங்கோ," என்றார்.

இளைஞர்கள் கொட்டிலைத் தூக்கினார்கள். நானும் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போனேன். மேடைக்குப் பின்புறம் ஒரு வேப்பமரமும் கட்டிய மாடும் தவிர வாடிக்கையாளர் எவரும் இல்லை. முன்னால் நாயனம் வெள்ளமாய்ப் பெருகியது. அப்படி ஒரு வாசிப்பை நான் அதன் பிறகு கேட்டதில்லை. கேட்டுக்கொண்டே, விற்காத பணிஸ்களைப் பார்த்துக்கொண்டே, நாளைக்குக் கழுவப்போகும் தட்டுகளுக்காகக் கண் கலங்கினேன்.

கச்சேரி முடிந்தது. நாயனத்தை உறையில் இட்டபடி அவர் பின்பக்கம் வந்தார்.

"மிச்சம் எவ்வளவு கிடக்கு?"

"கிட்டத்தட்ட முழுக்க ஐயா."

"எல்லாத்தையும் கட்டும். நாளைக்கு மற்ற மேளச் செற் வாசிக்குது. முன்வரிசை என்ர செலவு."

வெறும் பெட்டியை அத்தான் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். போறணை என் கைக்கு வந்தது, தேசிக்காய் அந்த வாசலைத் தாண்டக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு.

சில ஆண்டுகள் கழித்து என் கல்யாணத்துக்கு அதே நாயனக்காரரைத்தான் பிடித்தார்கள். மாப்பிள்ளை யார் என்று விசாரித்தாராம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது கல்யாண அல்பத்தைத் திறந்தால், அத்தான் அந்தப் படத்தில்தான் விரலை வைப்பார்: நான் தாலி கட்டுகிறேன், எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நாயனக்காரரும் மேளக்காரரும் மட்டும் எனக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து இருந்து கெட்டிமேளம் வாசிக்கிறார்கள்.