லண்டன் அத்தானின் தீராத சுடுதண்ணீர்

வேறொரு நாட்டிலிருந்து விருந்துக்கு வருபவர் உங்கள் வீட்டுக் குளியலறையைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தொடங்கினால், உடனே வாய்நிறையப் பலகாரத்தைக் கொடுத்துப் பேச்சை நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். லண்டனில் இருக்கிறார். அவர் வீட்டுக் குசினிச் சுவரில் ஒரு பெட்டி தொங்குகிறது. அதன் பெயர் கொம்பி பொயிலர். குழாயைத் திறந்தால், அந்த நேரமே எரிவாயுவில் தண்ணீரைச் சூடாக்கித் தரும். தண்ணீரைச் சேர்த்துவைக்கும் தாங்கி கிடையாது, அதனால் தீர்ந்துபோவதும் கிடையாது. (தன் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கியதைக்கூட அவர் இத்தனை தரம் எனக்குச் சொன்னதில்லை.)

நாங்கள் இருப்பது ஒஸ்லோவில், ரொம்மன் என்ற பகுதியில், ஒரு வரிசை வீட்டில். எரிவாயு என்ற பேச்சே இல்லை. நிலவறையில் மின்சாரத்தில் தண்ணீரைச் சூடாக்கி வைத்திருக்கும் பெரிய தாங்கி ஒன்று நிற்கும். பெரேடர் என்போம். எங்கள் பெரேடர் ஒரு இலையுதிர்காலத்தில் அடியால் ஒழுகத் தொடங்கியது. தை பிறந்ததும் என் தங்கை தாரணிக்குக் கலியாணம். வீடு நிறைய ஆட்கள் வந்து தங்கப் போகிறார்கள். என் மனைவி வானதி, இன்னும் பெரிய தாங்கியாக ஒன்று வாங்குவோம் என்றாள். விஷயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. விருந்துக்கு வரும்போதெல்லாம் சொல்வதையே சொல்லத் தொலைபேசியில் அத்தான் வந்தார்.

"தாங்கியோ? இன்னும் அந்தக் காலத்திலேயே நிக்கிறியள். தாங்கித் தண்ணி தீரும், தம்பி. கொம்பி தீராது."

எரிவாயு இல்லையே என்றேன். மின்சாரத்திலும் அப்படிப் பெட்டி வருகிறது, தேடு என்றார். தேடினேன், கிடைத்தது, வாங்கிச் சுவரில் பூட்டினேன். அடுப்பும் ஹீற்றர்களும் சேர்ந்து எரியும்போது இந்த வீட்டு மின்சாரம் இதைத் தாங்குமா என்று வானதி கேட்டாள். லண்டனில் தாங்குகிறதே என்றேன். லண்டனில் அது ஓடுவது எரிவாயுவில் என்பது என் மண்டையில் அப்போது ஏறவில்லை.

தாரணி இங்கே பிறந்தவள். கலியாணக் காலையில் சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து, பாலில் தோய்த்த அறுகம்புல்லைத் தலையில் வைப்பார்கள். அதன்பிறகு தலைமுழுக வேண்டும். உறைபனியில் பாலோடு நிற்கவோ என்று அவள் முதலில் மறுத்தாள். பிறகு அம்மாவுக்காக இறங்கி வந்தாள். வந்தவள் என்னைத்தான் பிடித்தாள்.

"அண்ணா, பால் வைக்கட்டும், எனக்குப் பிரச்சினையில்லை. ஆனால் நல்ல சுடுதண்ணி இருக்கவேணும். நீங்கள்தான் பொறுப்பு."

ஓம் என்றேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேறு சொன்னேன்.

கலியாணக் காலை. வெளியே மூக்கு விறைக்கும் குளிர். எல்லோருக்கும் முந்திக் குளியலறைக்குள் போனவர் அத்தான். பாட்டு வேறு. தீராதல்லவா, அதனால் அவரும் வெளியே வருவதாக இல்லை. குசினியில் எல்லா அடுப்பும் எரிந்தன, அறைகளில் எல்லா ஹீற்றரும் எரிந்தன. வீடு முழுவதும் பட்டென்று இருண்டது. "தம்பி, மெயினைப் போடு!" என்று உள்ளிருந்து கட்டளை வந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சைப் போட்டேன். மறுபடி இருண்டது. மறுபடி ஓடினேன். என் கலியாணத்துக்குக்கூட நான் அப்படி ஓடவில்லை.

அத்தான் ஆவி பறக்க வெளியே வந்தபோது தாரணியின் தலையில் பால் வைத்தாகிவிட்டது. அத்தை, பெரியம்மா, சித்தி என்று ஒருவரும் கஞ்சத்தனம் காட்டவில்லை. இடுப்புவரை நீண்ட கூந்தலில் பால் சொட்டச் சொட்ட உள்ளே போனாள். தைமாதக் குழாய்த் தண்ணீர் பனிக்கட்டிக்கு அண்ணன் தம்பி. பெட்டி உறுமியது, முக்கியது, பிறகு பொசுங்கிய மணம் வந்தது, வீடு மறுபடி இருண்டது. மெயினைப் போட்டபோது வீடு வெளிச்சமானது. பெட்டி மட்டும் எழும்பவேயில்லை.

கதவுக்குப் பின்னால் இருந்து, "அண்ணா," என்றாள் தாரணி. அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பானையில் கொதிக்கவைத்து அந்தக் கூந்தலை அலசி முடிக்க முகூர்த்தம் காத்திருக்காது. அலங்காரம் செய்யும் பெண் ஏற்கெனவே மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடுகளில் கதவைத் தட்டினோம், ஒருவரும் இல்லை. வானதி என்னைப் பார்க்கக்கூட இல்லை, மாப்பிள்ளை வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள். காரில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய அம்மருட்டில்தான் அவர்கள் வீடு. அடுக்குமாடி. கட்டிடம் முழுவதற்கும் பொதுவான சுடுதண்ணீர், எந்நேரமும் வரும். தாலி ஏறாமல் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறுவதா என்று பெரியம்மா தலையில் கைவைத்தார். வானதி கார்ச் சாவியை என் கையில் வைத்தாள்.

பால் தலைக்குமேல் கம்பளித் தொப்பியோடு தாரணி என் பக்கத்தில் இருந்தாள். கார் சூடாகச் சூடாகப் பால் மணம் ஏறியது. அம்மருட்டில், பெண்ணைப் பார்க்கக்கூடாது என்று வீட்டை விட்டு வெளியே கலைக்கப்பட்ட மாப்பிள்ளை, பட்டு வேட்டிக்குமேல் பனிக்கால ஜக்கெற்றுடன் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேலே அவருடைய அம்மா, தலை துவட்டத் துவாயோடு கதவைத் திறந்தார்.

"வாங்கோ பிள்ளை. இஞ்சை தண்ணிக்குக் குறையில்லை."

அந்த 'இஞ்சை' என் நெஞ்சில் குத்தியது.

முகூர்த்தம் தப்பவில்லை. ஆனால் தாரணி தலைமுழுகி முடிந்து நாங்கள் வீடு திரும்பியபோது, கோட் சூட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த அத்தான், எரிவாயு இருந்திருந்தால் இப்படி வந்திராது என்றார். அந்தத் தேநீரை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன். அக்காவின் முகத்துக்காக விட்டேன்.

அந்தக் கிழமையே பெரிய பெரேடர் வாங்கினேன். என்ன பயன்? தாரணியின் மாமியார் நான் எப்போது போனாலும், "தம்பி குளிச்சிட்டோ வாறியள்?" என்றுதான் வரவேற்பார். தீபாவளிக்குத் தீபாவளி எனக்கு ஒரு துவாய் தருவார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும், தாரணி எல்லோரையும்விடப் பலமாக. எங்கள் அலுமாரி நிறைய அந்தத் துவாய்கள்தான்.

போன கோடையில் அத்தான் வந்து தங்கினார். என் பெரேடரில் ஆசைதீரக் குளித்துவிட்டு, மாமியாரின் துவாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

"நல்ல தண்ணி, தம்பி. எங்கடை கொம்பி இப்ப அடிக்கடி நிக்குது. நானும் தாங்கிக்கு மாறப்போறன். நீ அப்பவே தாங்கியைத்தான் போட்டிருக்கவேணும். ஏன் போடேல்லை?"