லாக்கருக்குப் போன ரயில்

இந்த வருஷமாவது பொண்டாட்டியிடம் ஒரு பொய் சொல்லி ஜெயிப்பது என்று முடிவு பண்ணினேன். ஜெயித்தும் விட்டேன். அங்கேதான் ஆரம்பித்தது பேஜாரு.

முதலில் என் சொத்தைச் சொல்லிவிடுகிறேன். நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் பணக்காரர்களுக்கென்றே புல்மேன் பெட்டி என்று ரயிலில் ஓடியது. ஆளுக்கொரு மெத்தை நாற்காலி, பக்கத்திலேயே மேஜை, மேஜைக்கொரு விளக்கு. துரை பீங்கான் கோப்பையில் டீ குடித்துக்கொண்டே கடற்கரைக்குப் போவார். நானும் கடற்கரைக்கு ரயிலில் போனவன்தான். செங்கல்பட்டு டு சென்னை பீச், மின்சார ரயிலில், ஒற்றைக் காலில். அந்தத் துரையை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தப் பெட்டியை மறக்கவும் முடியவில்லை.

அதனால் அதை மாடலாக வாங்கிச் சேர்க்க ஆரம்பித்தேன். பொம்மை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம். மேலே பாலாடை நிறம், கீழே காப்பிக்கொட்டை நிறம். உள்ளே கடுகு சைஸில் விளக்கு, அது நிஜமாகவே எரியும். முதல் வகுப்புக்கெல்லாம் பொம்பளைப் பெயர்: ஆட்ரி, வேரா, மோனா, ஹேசல். மூன்றாம் வகுப்புக்கு வெறும் நம்பர், ஆனால் ரயிலை இழுக்கிற மோட்டார் அதில்தான். மொத்தம் எட்டுப் பெட்டி, ஹால் ஷோகேஸில் வரிசையாக நிற்கும். வேலை முடிந்து மறைமலைநகரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அவற்றைத்தான் பார்ப்பேன்.

என் மனைவி தமிழ்ச்செல்வி நாவலூரில் ஒரு அப்பார்ட்மென்டுக்கு மேனேஜர். ஐ.டி.காரர்களிடம் மாசாமாசம் மெயின்டனன்ஸ் வசூலிக்கிறவள். ஊரில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், ஆன்லைனில் அனுப்பிவிட்டேன் என்று அவர்கள் சொல்லாத பொய் இல்லை. அவளிடம் செல்லுபடியான பொய்யும் இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது ஆரம்பித்தாள்.

"எதிர் வூட்டு சிநேகாவுக்கு பொறந்தநாளாம். அந்த ரயிலு பொட்டியில ஒண்ண குடுத்துடலாமா?"

"எதை?"

"அதான், சும்மா தூசி புடிச்சிகினு கீதே."

சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். சிநேகாவுக்கு நாலு வயசு. காலையில் வாங்கிக் கொடுத்த லாரி சாயங்காலம் சக்கரம் வேறு தலை வேறாகக் கிடக்கும் வீடு அது. என் ஹேசல் அங்கே போவதை நினைத்தேன். வாய் தானாகப் பேசியது.

"செல்வி, அது பொம்ம இல்ல. தங்கம்."

"தங்கமா?"

"தங்கம் மாதிரி. வருஷா வருஷம் வெல ஏறிகினே போவும். வயசான காலத்துல நமக்கு அதான் சோறு."

யார் சொன்னது என்று கேட்டாள். ஏசுபாதம் சொன்னார் என்றேன். அவரையே வரச் சொல் என்றாள்.

ஏசுபாதம் என் நண்பர், கல்பாக்கம் பக்கத்து அணுபுரம் குவார்ட்டர்ஸ்காரர், என்னைப் போலவே ரயில் கிறுக்கு. ஞாயிற்றுக்கிழமை நாஸ்தாவுக்கு வரச் சொல்லி, ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று கெஞ்சியிருந்தேன். மனிதர் ஷூ போட்டுக்கொண்டு வந்தார். வடகறி உள்ளே போகப் போக அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்த மாதிரி செட்டு தமிழ்நாட்டிலேயே இன்னொருத்தரிடம் இல்லை, லண்டன்காரன் தெரிந்தால் பிளேன் ஏறி வருவான், கை பட்டாலே விலை குறையும் என்று அடித்துவிட்டார். செல்வி அவருக்கு இன்னொரு கரண்டி வடகறி ஊற்றினாள்.

சிநேகாவுக்குக் கலர் பென்சில் போனது. ஷோகேஸ் கண்ணாடியைச் செல்வியே துடைத்தாள். நான் டைனிங் டேபிளில் தண்டவாளம் போட்டு எட்டுப் பெட்டியையும் ஓட்டினேன், சாம்பார்க் கிண்ணத்தை அவள் தரையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ராஜாவாக இருந்த ஒரே வாரம் அது.

சனிக்கிழமை வேலை முடிந்து வந்தால் ஷோகேஸ் காலி. பிளாஸ்டிக் ரோஜா ஒன்று உட்கார்ந்திருந்தது.

"பொட்டிங்க எங்க?"

"லாக்கர்ல."

"எந்த லாக்கர்ல?"

"என் நகை கீற லாக்கர்லதான். வேற எங்க?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பேங்க் லாக்கர் அவள் பெயரிலும் அவள் அம்மா பெயரிலும் இருக்கிறது. எனக்கு அங்கே கையெழுத்தே கிடையாது. செல்வி நிதானமாக விளக்கினாள். பட்டப்பகலில் பூட்டை உடைக்கிறான்களாம். தங்கத்தைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிற கிறுக்கன் எங்கேயாவது உண்டா என்று என்னையே கேட்டாள்.

"செல்வி, அது ஓடணும். ஓடாம வச்சா சக்கரம் எறுகிப்பூடும்."

"தங்கம் ஓடுமாயா?"

ஓடும் என்றால் அது பொம்மை. பொம்மை என்றால் எதிர் வீட்டுக்குப் போய்விடும். நானே கட்டிய கூண்டு, கதவையும் நானே சாத்தியிருந்தேன்.

"எப்பதான் எடுப்ப?"

"என் ஆரத்த நான் எப்ப எடுக்கறேன்? கல்யாணம் காட்சின்னாதான். உனக்கும் அதே ரூலுதான்."

எந்தக் கல்யாணத்துக்கும் போகிற ஆள் இல்லை நான். முகூர்த்த நாள் என்றால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். இப்போது கல்யாணப் பத்திரிகை வருகிறதா என்று வாசலிலேயே நிற்க ஆரம்பித்தேன். ஒன்று வந்தது. செல்வியின் பெரியம்மா வழியில் எங்கோ சுற்றிவரும் ஒரு சொந்தம், மாமல்லபுரத்தில் கடலை ஒட்டிய ஓட்டலில் ரிசப்ஷன். அவசியம் போயே தீரவேண்டும் என்றேன். மறுநாள் செல்வி ஒரு செயினையும், துணியில் சுற்றிய வேராவையும் மட்டும் கொண்டுவந்தாள்.

"ஒண்ணுதானா?"

"தூரத்து சொந்தத்துக்கு எவளாவது மொத்த நகையயும் அள்ளி மாட்டிகினு போவாளா? நான் ஒரு செயினு. நீ ஒரு பொட்டி."

வேராவைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைப்பானேன். ரிசப்ஷனில் அவளை மேஜைமேல் வைத்து விரலால் மெல்ல உருட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா அதை மொய்ப் பொருள் என்று நினைத்து மேடைக்குத் தூக்கிப் போய்விட்டார். மணப்பெண் கையிலிருந்து பிடுங்கி வந்தேன். போட்டோவில் நான் திருடன் மாதிரி இருக்கிறேன். திங்கட்கிழமை வேரா மறுபடி உள்ளே போய்விட்டாள்.

எட்டும் வெளியே வர என்ன வழி என்று கேட்டேன்.

"கூடப் பொறந்தவன் கல்யாணம்னா எல்லாத்தயும் எடுப்பேன்," என்றாள்.

அவள் கூடப் பிறந்தவன் பாலா. முப்பத்தி நாலு வயசு, நல்ல வேலை, நல்ல பையன். மாமியார் பெண் தேடித் தேடி ஓய்ந்துபோய் உட்கார்ந்துவிட்டார். எழுந்தவன் நான். லீவு நாளெல்லாம் பைக்கில் திருக்கழுக்குன்றம், மதுராந்தகம், செய்யூர் என்று சுற்றினேன். தரகர்கள் என் நம்பரைப் பார்த்தால் போனை எடுக்க யோசித்தார்கள். ராகு கேது எல்லாம் எனக்கு அத்துப்படி ஆனது.

கடைசியில் ஜெயப்பிரியா என்று ஒரு பெண் அமைந்தது. அவள் அப்பா பார்த்தசாரதி மட்டும் என்னைச் சந்தேகமாகவே பார்த்தார். மாப்பிள்ளையைவிட அக்கா புருஷன் ஏன் இவ்வளவு பறக்கிறார், பையனுக்கு ஏதாவது கோளாறா என்று கேட்டேவிட்டார். கோளாறு பையனுக்கில்லை, எனக்குத்தான் என்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பொண்டாட்டிக்கு இவ்வளவு பயப்படுகிற குடும்பத்தில் நம்பிப் பெண் கொடுக்கலாம் என்று அன்றைக்கே தட்டை மாற்றச் சம்மதித்தார்.

தை மாசம் தேதி குறித்தாயிற்று. வீட்டுக்கு வந்ததும் செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் இல்லாவிட்டால் அவள் தம்பி தனிமரமாகத்தான் நின்றிருப்பான் என்றாள். இதுதான் சமயம் என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"அப்ப நாளிக்கே பேங்குக்கு போயி எட்டயும் எடுத்துடலாமா?"

"பேங்குக்கு எதுக்கு? அந்த லாக்கரு டிபன் பாக்ஸு சைஸு, என் ஆரத்தயே மடக்கித்தான் வச்சிகினு கீறேன். உன் பொட்டிங்க நம்ம ரூம்பு பரண்லதான் கீது, நீ படுக்கற எடத்துக்கு நேர் மேல, பெரிய இட்லிக் குண்டானுக்குள்ள. ஸ்டூலு போட்டு எடுத்துக்க."