தாய்மாமன் எழுதிய சீர் எதிர்ப்புக் கட்டுரை

அந்த யோசனை திருவண்ணாமலை ரோட்டில், நகராமல் நின்றுவிட்ட பஸ்ஸுக்குள் உதித்தது. முன்னால் ஒரு தாய்மாமன் சீர் ஊர்வலம். தட்டுத் தட்டாகப் பழம், மாலை போட்ட ஆட்டுக்கிடா, மினி லாரியில் ஃபிரிட்ஜ். (காது குத்தப்போகிற குழந்தைக்கு ஃபிரிட்ஜ் எதற்கு?)

அப்போது உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் 'கேட்டே தீருவேன்' என்று பத்தி எழுதிக்கொண்டிருந்தேன். கோட்டைச் சுவரில் காதலி பெயரைக் கிறுக்குகிறவர்களைத் திட்டியதில் பாதி நண்பர்கள் போனார்கள். பிளெக்ஸ் பேனரைத் திட்டியபோது, என்னைத் திட்டியே ஒரு பிளெக்ஸ் வைத்தார்கள். புகழின் உச்சி அதுதான் என்று நம்பினேன்.

பஸ் செஞ்சி வந்து சேர்வதற்குள் செல்போனிலேயே கட்டுரை தயார். 'இனி ஒரு மாமனும் சீர்த்தட்டு தூக்கக் கூடாது' என்று ஆவேசமாக முடித்திருந்தேன். ஒரே ஒரு விஷயம்தான் மறந்துபோனது. அடுத்த வாரம் அனந்தபுரத்தில் என் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன், அடியேன்.

இதழ் வந்த அன்றே அக்கா போன் செய்தாள்.

"இன்னாடா எழுதி வெச்சிருக்க?"

"பொதுவா எழுதினேன்க்கா. சமூகப் பிரச்சினை."

"எங்க மாமியார் நடுவூட்ல உக்காந்து சத்தமா படிச்சிக்கினு இருக்குது. 'ஏம்மா, உன் தம்பிக்குத் தட்டு தூக்கக் கை வலிக்குதுன்னா நம்மகிட்ட சொல்லக் கூடாதா, பேப்பர்ல போடணுமா'ன்னு கேக்குது. நான் இந்த வூட்ல எந்த மூஞ்சிய வெச்சிக்கினு இருக்கறது?"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்கோ எரிச்சல். எத்தனை வாதம் அடுக்கியிருந்தேன்! அதில் ஒன்றுக்காவது யாராவது பதில் சொன்னார்களா? ஊர் முழுக்க ஒரே முடிவு: பையன் செலவுக்குப் பயந்து எழுதிவிட்டான்.

"கொள்கைய விட முடியாது நைனா" என்றேன் அப்பாவிடம்.

"விட வேணாம். காதுகுத்து முடியறவரிக்கும் ஓரமா வெச்சிட்டு வா" என்றார்.

வைத்தேன். அக்கா தலை நிமிர வேண்டுமே என்று நான் திட்டி எழுதிய அத்தனையையும் வாங்கினேன். மேளம், வெடி, கிடா. தலைப்பாகையும் மாலையுமாக முதல் தட்டை நானே தூக்கினேன். (ஃபிரிட்ஜ் மட்டும் இல்லை. அதற்குப் பதில் வாஷிங் மெஷின்.)

அக்கா மாமியார் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுதினதுக்கு நல்லாவே செஞ்சிட்டான். இன்னொரு கட்டுரை எழுதச் சொல்லும்மா."

அந்த வாரம் பத்தி எழுத நேரமில்லை. 'கேட்டே தீருவேன்' என்ற தலைப்புக்குக் கீழே, நான் தட்டு தூக்கும் போட்டோவை ஆசிரியர் போட்டுவிட்டார். "எடத்த ரொப்ப வேணாமா தம்பி?" என்றார்.

இப்போது எங்கள் சொந்தத்தில் யார் செலவுக்குத் தயங்கினாலும், "இன்னா மாமா, கட்டுரை எழுதப் போறியா?" என்கிறார்கள்.

அடுத்து, பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பெண் பார்க்கும் வழக்கத்தைக் கிழிக்கலாம் என்று இருக்கிறேன். அம்மா கையெடுத்துக் கும்பிடுகிறார்: "ஞாயித்துக்கெழம அவலூர்பேட்டையில ஒனக்குப் பொண்ணு பாக்கப் போறோம். வந்தப்புறம் எழுதுடா."

அந்தப் பெண் என் பத்தியை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பாளாம். எப்படியாவது பஜ்ஜிக் கட்டுரையைச் சனிக்கிழமை இதழிலேயே வரவைத்துவிட வேண்டும்.