டெபோரா இங்கிலீஷ் படித்த கதை

மனைவியை அயர்லாந்துக்குப் போகவிடுவதில்லை என்று ஜெயசிங் சார் முடிவு கட்டினார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்கிற தைரியம் இருந்தால் மனுஷன் ஏன் திட்டம் போடப் போகிறார்?

மகள் பெனிட்டா அங்கே நர்ஸ். தலைப்பிரசவம். அம்மா வந்து மூன்று மாசம் கூட இருக்கணும் என்று போனில் அழுதாள். சாரால் போக முடியாது. சங்கரன்கோவிலில் பாதிப் பிள்ளைகள் அவருடைய இங்கிலீஷ் ட்யூஷனை நம்பித்தான் பரீட்சை எழுதுகிறார்கள். அவருக்கோ வெந்நீர் எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்றே தெரியாது. அதுகூடப் போகட்டும். டெபோரா இல்லாத வீட்டுக்குள் நுழைவதை நினைத்தாலே நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. அதை அவளிடமே சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆம்பளை, சொல்வாரா?

"ஏட்டி, ஏர்போர்ட்ல வெள்ளைக்காரன் ஏதாவது கேட்டா என்ன செய்வ?"

"சிரிப்பேன்."

"சிரிச்சா விட்டுருவானா? அடுத்த பிளேன்ல திருப்பி அனுப்பிருவான். இங்கிலீஷ் படிச்சிட்டுப் போ. நானே சொல்லித்தாரேன்."

"சரி, சொல்லித்தாங்க" என்றாள் டெபோரா. இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை. அங்கேயே சார் உஷாராகியிருக்க வேண்டும்.

திட்டம் இதுதான். முதலில் ரெகுலர் வெர்ப் மட்டும். ஒவ்வொரு வெர்புக்கும் பன்னிரண்டு டென்ஸ். அது முடிந்தால் கிராமரில் மூட் என்று ஒரு பாடம். அதுவும் முடிந்தால் இர்ரெகுலர் வெர்ப் என்று ஒரு சமுத்திரமே கிடக்கிறது. பிள்ளை பிறந்து, ஞானஸ்நானம் எடுத்து, நடக்கவே ஆரம்பித்துவிடும். டெபோரா பாஸ்ட் பெர்ஃபெக்டைத் தாண்டியிருக்க மாட்டாள்.

சாருடைய பாடம் செய்துகாட்டும் பாடம். 'ஜம்ப்' என்றால் குதிப்பார். 'ஜம்ப்ட்' என்றால் குதித்த இடத்தைத் திரும்பிப் பார்ப்பார். 'வில் ஜம்ப்' என்றால் முழங்காலை மடக்கி அப்படியே நிற்பார். பிள்ளைகளுக்கு ஜென்மத்துக்கும் மறக்காது. சாருக்கு முழங்கால்வலியும் போகாது.

முதல் நாள் 'வாக்' எடுத்தார். ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். டெபோரா கொட்டாவி விட்டாள்.

"மண்டையில ஏற மாட்டேங்கு. நான் நாள் பூரா அடுப்படியில கெடக்கேன். அங்கன உள்ள வெர்பா பாத்துச் சொல்லுங்க."

பாடம் படிக்கிறவரின் சூழ்நிலையிலிருந்து தொடங்க வேண்டும் என்று மேடை ஏறிப் பேசியவர் அவர். மறுக்க முடியுமா? எழுந்து போனார்.

'ஐ வாஷ்' என்று ஒரு தட்டைக் கழுவினார். 'ஐ வாஷ்ட்' என்று அதைக் கவிழ்த்தார். 'ஐ ஹேவ் பீன் வாஷிங்' காட்டுவதற்கு ஒரு தட்டு எப்படிப் போதும்? டெபோரா ஒரு தொட்டி நிறையப் பாத்திரம் போட்டே வைத்திருந்தாள்.

மறுநாள் 'பீல்.' ஒரு குத்து சின்ன உள்ளியை உரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க எந்திரிக்கீங்க? கன்டினியூவஸ் டென்ஸ்னா நிறுத்தக்கூடாதுன்னு சொன்னீங்கல்லா?"

சார் உட்கார்ந்தார்.

அப்புறம் 'குக்.' சோறு அடிப்பிடித்துக் கரிந்தது. டெபோரா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "இது எந்த டென்ஸ்?"

"பாஸ்ட்" என்றார் சார், சோகமாக.

"அப்போ பிரசன்ட்ல இன்னொருக்கா வைங்க."

விளக்குமாற்றை நீட்டிய அன்றைக்குத்தான் சாருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "ஸ்வீப் இர்ரெகுலர். இப்போதைக்குப் பாடத்துல இல்ல."

"மாப்பு?"

பொய் சொல்ல வாத்தியார் மனசு இடம் கொடுக்கவில்லை. "ரெகுலர்."

"அப்போ மாப்பு போடுங்க."

மூட் வந்தது. இம்பரேட்டிவ் மூடில், அதாவது கட்டளையிடும்போது, சப்ஜெக்ட் வேண்டாம், வேலையை மட்டும் சொன்னால் போதும் என்றார். இதை மட்டும் டெபோரா கற்பூரமாகப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்தபடி "பாயில்" என்றாள். "ஃப்ரை" என்றாள். "வாஷ்" என்றாள். இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்ட மாணவியை அவர் தம் சர்வீஸிலேயே பார்த்ததில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

பக்கத்து வீட்டு பாஜிலா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, சார் மீன்கொழம்பு வைக்காக?"

"பாடம் நடக்கு" என்றாள் டெபோரா.

இத்தனைக்கும் பெர்ஃபெக்ட் டென்ஸில் ஒரு கேள்வி கேட்டால், "நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்து போய்விடுவாள். சாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இந்த லட்சணத்தில் இவளாவது, அயர்லாந்தாவது. அந்தச் சந்தோஷத்தில் ரசமும் கற்றுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், ஹாலில் பெட்டி நிற்கிறது. டெபோரா அதற்குள் பேறுகால மருந்துப்பொடியைத் திணித்துக்கொண்டிருக்கிறாள்.

"என்னட்டி இது?"

"நாளைக்குக் கெளம்புதேன். திருவனந்தபுரத்துக்குக் கார் சொல்லியாச்சு."

"இர்ரெகுலர் வெர்பே இன்னும் தொடங்கல. என்ன பேசிப் போவ?"

"எதுக்குப் பேசணும்? பெனிட்டா டிக்கெட்டோட வீல்சேர் போட்டிருக்கா. இங்கன உக்காந்தா அங்கன அவ முன்னால கொண்டு எறக்கிருவாங்க. நம்ம சபை ஏசுவடியா அக்கா ரெண்டு தடவ அமெரிக்கா போயிட்டு வந்தது இப்படித்தான்."

"நீ நல்லா நடக்கியே?"

"அயர்லாந்து வாரவரைக்கும் நடக்க மாட்டேன்."

சார் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ இல்லாம இந்த வீட்டுல எனக்கு இருக்க முடியாதுட்டி" என்றார். ஒருவழியாகச் சொல்லியேவிட்டார்.

டெபோராவின் கை நின்றது. அவர் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப்போட்டாள். கண் கலங்கியிருந்தது.

"எனக்கும்தான். பட்டினி கெடந்துருவீகளேன்னு உறக்கமே இல்ல. நேத்து நீங்க வச்ச கொழம்பத் தின்ன பொறவுதான் தைரியம் வந்துச்சு."

சாருக்கு மெல்ல ஏதோ விளங்க ஆரம்பித்தது.

"அப்போ இவ்வளவு நாளா நீ இங்கிலீஷ் படிச்சது?"

"நானா படிச்சேன்?" என்றாள் டெபோரா. "படிச்சது நீங்கல்லா."