இளைப்பாறுவோர் சங்கம்

உடம்பைக் குறைக்க மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த வழிகள் எல்லாமே காட்டுமிராண்டித்தனமானவை. ஓடு என்றார்கள், வாயைக் கட்டு என்றார்கள். இரண்டும் வேண்டாம், ஒரு கணினியும் நானூறு நல்ல உள்ளங்களும் போதும் என்ற மகத்தான உண்மை 2007ஆம் ஆண்டில், பெங்களூரில்தான் உலகுக்கு வெளிப்பட்டது. அதை வெளிப்படுத்திய உடம்பு கோதண்டராமனுடையது. எடை தொண்ணூற்றாறு கிலோ.

கோதண்டராமன் ஒரு மென்பொருள் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு மேலாளர். அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்து அட்டவணை போடுவது உத்தியோகம். அப்படிப்பட்டவரை அல்சூர் வீட்டு மாடிப்படி ஒருநாள் பாதி வழியில் உட்காரவைத்துவிட்டது. மூச்சு மேலே போனது, கீழே வர மறுத்தது.

டாக்டர் பார்த்தார். "உங்க இதயம் ஒரு ஆளுக்குத்தான் சார் வேலை செய்யும். நீங்க ஒண்ணேகால் ஆளா இருக்கீங்க. எழுபத்திரண்டுக்கு வந்துடுங்க" என்றார், ஏதோ அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளச் சொல்வது போல.

மனைவி தமயந்திக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கணவருக்கு நாற்பத்தொரு வயசுதான் ஆகிறது. அழுது முடித்துத் தெருக்கோடிக் கோயிலுக்குப் போய், இவர் எழுபத்திரண்டுக்கு வந்துவிட்டால் எடைக்கு எடை வெல்லம் துலாபாரம் கொடுப்பதாக வேண்டிக்கொண்டாள். வீட்டில் அரிசியைப் பாதியாகக் குறைத்தாள். மீதிப் பாதியைக் கோதண்டராமன் ஆபீஸ் கேன்டீனில் ஈடுகட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் அவர் ஆபீஸ் மனிதவளத் துறையின் கிருத்திகா ஆர்குட் இணையதளத்தில் ஒரு குழு தொடங்கினாள். உடம்பு இளைத்து மனம் ஆறுதல் அடைவோர் சங்கம் என்பது அவள் கருத்து. சுருக்கமாக 'இளைப்பாறுவோர் சங்கம்' என்று பெயர் வைத்தாள். நானூற்றுச் சொச்சம் பேர் அதை அகராதிப்படி புரிந்துகொண்டு, சாய்ந்து உட்கார்ந்தபடியே சேர்ந்தார்கள்.

தினம் காலையில் எடையைப் பதியவேண்டும். மற்றவர்கள் ஊக்கம் தரவேண்டும். முதல் நாள் கோதண்டராமன் 'தொண்ணூற்றாறு' என்று எழுதினார். மயான அமைதி. சாயங்காலம் ஒரே ஒருவர் 'ஐயோ' என்று எழுதியிருந்தார். கோதண்டராமனுக்கு அவமானமாகப் போய்விட்டது.

அவரைத் தேற்றியவர் பக்கத்து மேஜை ரெமிஜியஸ். சங்கத்தின் மூத்த உறுப்பினர்.

"சார், பிஸ்கட் பாக்கெட் பாத்திருக்கீங்களா? 'நிகர எடை'ன்னு போட்டிருப்பான். கவர் வெயிட்ட யாராச்சும் சேர்ப்பாங்களா?"

"சேர்க்க மாட்டாங்க."

"சட்டை, பேண்ட், பெல்ட்டு, கழுத்துல தொங்கற ஐடி கார்டு, இதெல்லாம் கவர்தானே சார்?"

தரக் கட்டுப்பாட்டு மேலாளரின் கண்கள் திறந்தன. மறுநாள் 'நிகர எடை: தொண்ணூற்று நாலரை' என்று பதிந்தார். முப்பத்தெட்டு சபாஷ் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவருக்கு யாரும் சபாஷ் சொன்னதில்லை. கேன்டீனுக்குப் போய் ஒரு மசால் தோசை சாப்பிட்டுக் கொண்டாடினார்.

அதன்பின் விஞ்ஞானம் வேகமாக முன்னேறியது. காலையில் தின்ற இட்லி இன்னும் ஜீரணமாகாததால் 'நிலுவை எடை', கழிக்கலாம். குடித்த தண்ணீர் தன் எடை அல்ல, குடிநீர் வாரியத்தின் எடை. கனத்த எலும்பு அப்பா வழியில் வந்தது. 'பரம்பரைச் சொத்து', மகன் பொறுப்பல்ல. ஒவ்வொரு கழிவுக்கும் சபாஷ், ஒவ்வொரு சபாஷுக்கும் ஒரு தோசை. ஐந்தே மாதத்தில், ஒரு வேளை பட்டினி கிடக்காமல், ஒரு அடி கூட நடக்காமல், நிகர எடை எழுபத்திரண்டைத் தொட்டார். சங்கம் அவருக்கு 'மெலிவுச் செம்மல்' என்ற பட்டம் அளித்தது. சான்றிதழை வண்ணத்தில் அச்சிட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினார்.

தமயந்தி சான்றிதழைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"பாத்தா தெரியலையேங்க?"

"உள்ளுக்குள்ள குறைஞ்சிருக்கு. வெளிய தெரிய மூணு மாசம் ஆகும்."

"நானூறு பேரு சொல்லியிருக்காங்களா?"

"நானூத்திப் பன்னெண்டு."

நானூறு பேர் சொன்னால் தப்பாகவா இருக்கும்? நம்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவளுக்கு அது போதும். அன்றைக்கே சிவாஜிநகருக்குப் போய் எழுபத்திரண்டு கிலோ வெல்லத்தை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். மூட்டைகளைக் கண்டதும் கோதண்டராமனுக்கு ஒரு கணம் உண்மையாகவே உடம்பு சுருங்கியது.

"அவசரம் என்ன தமயந்தி? இப்பல்லாம் பூஜையே ஆன்லைன்ல வந்துடுச்சு."

"வேண்டுதலுங்க. ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணி. அர்ச்சகர்கிட்ட சொல்லிட்டேன்."

கிருத்திகா அதைச் சங்கத்தின் 'முதல் நேரடி மாநாடு' என்று அறிவித்தாள். தலைமைக் குழுவினர் ஆறு பேர் கேமராவுடன் வந்திருந்தார்கள். புகைப்படங்களில் முகம் மட்டுமே காட்டிய அவர்களைத் தமயந்தி நேரில் ஏற இறங்கப் பார்த்தாள். ஒருவர்கூடக் கோயில் வாசல்படியை ஒரே மூச்சில் ஏறவில்லை.

தராசின் ஒரு தட்டில் வெல்லம் அடுக்கினார்கள். மறுதட்டில் கோதண்டராமன், கூடியவரை சாமியை எண்ணியபடி, மெதுவாக உட்கார்ந்தார். அவருடைய தட்டு 'தொம்' என்று தரையில் உட்கார்ந்தது. எழுபத்திரண்டு கிலோ வெல்லம் அந்தரத்தில் ஆடிற்று.

"இன்னும் சுவல்ப, கொஞ்சம் வேணும்மா" என்றார் அர்ச்சகர்.

தேங்காய் வைத்தார்கள். வாழைத்தார் வைத்தார்கள். தட்டு அசையவில்லை.

"பெல்ட்ட கழட்டுங்க சார்! ஐடி கார்டு!" என்று ரெமிஜியஸ் கத்தினார்.

"சாமி, இது மொத்த எடை!" என்றார் கோதண்டராமன் வியர்த்து விறுவிறுத்து. "நம்ம கணக்கு நிகர எடை!"

அர்ச்சகர் நிதானமாகச் சொன்னார். "துலாபாரமே அதுதானே சார்? உங்களுக்கு நிகரா வெல்லம். கவர் தனி, பிஸ்கட் தனின்னு சாமி பிரிச்சுப் பாக்கறதில்ல."

வேண்டுதலைக் குறையோடு விட்டால் தெய்வக் குற்றம். தமயந்தி அழவில்லை. ஆறு பேரையும் கடைக்கு விரட்டினாள். மெலிவுச் சங்கத்தின் தலைமைக் குழு வெல்ல மூட்டையுடன் கடைக்கும் கோயிலுக்குமாக நாக்குத் தள்ள ஓடியது. தேங்காயும் வாழைத்தாரும் இறங்கி, இன்னும் இருபத்தேழு கிலோ வெல்லம் ஏறிய பிறகே தட்டுகள் நேராயின. தொண்ணூற்றொன்பது. ஐந்து மாத மெலிவில் மூன்று கிலோ கூடியிருந்தார்.

"நானூறு பேரு கை தட்டினாங்களே" என்றாள் தமயந்தி. "ஒருத்தராச்சும் மாடி ஏற முடியுதான்னு கேட்டாங்களாங்க?"

ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. கோதண்டராமனுக்கு முதல்முறையாகத் தன்மேலேயே வெட்கம் வந்தது, பயமும் வந்தது. வீட்டுக்கு வந்ததும் கழிவு எதுவும் இல்லாமல் எழுதினார்: 'என் எடை தொண்ணூற்றொன்பது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயமாக இருக்கிறது. நாளைக் காலை ஏரிப்பக்கம் கூட நடக்க யாராவது வருவீர்களா?'

பத்தாவது நிமிஷத்தில் கிருத்திகாவின் ஃபோன் வந்தது.

"சார், என்ன காரியம் பண்ணிட்டீங்க! உங்க போஸ்ட்டப் படிச்சுட்டு பன்னெண்டு பேரு நிஜமாவே மெஷின்ல ஏறிப் பாத்துட்டாங்க. மூணு பேரு அழறாங்க. மத்தவங்க மனத்தெம்பு என்னாகறது? மொரேல் சார், மொரேல்!"

"நான் உதவிதானேம்மா கேட்டேன்?"

"உதவி கேக்கற இடமா சார் அது? ஊக்கம் தர்ற இடம்!"

மறுநாள் காலை ஏரிப்பக்கம் அவரோடு நடக்க வந்தவள் தமயந்தி மட்டும்தான். அவளுக்கு ஆர்குட்டில் கணக்கு இல்லை. திரும்பி வந்து, இரண்டு இடத்தில் நின்று மாடி ஏறி, கணினியைத் திறந்தபோது அறிவிப்பு காத்திருந்தது: 'உறுப்பினர்களின் மனநலம் கருதி, மனச்சோர்வூட்டும் உண்மைகளைப் பதிந்த திரு. கோதண்டராமன் சங்கத்திலிருந்து நீக்கப்படுகிறார்.' கீழே நானூறு சபாஷ்.

ஆக, இளைப்பாறுவோர் சங்கம் ஒரே இரவில் தொண்ணூற்றொன்பது கிலோ குறைந்தது. அது தொடங்கிய நாளிலிருந்து அங்கே நிஜமாகவே குறைந்த எடை அது ஒன்றுதான்.